வாளிக்குள் போன நாண்

போன மாதம் பஸ்லியா தொலைபேசியில் கூப்பிட்டாள். எலும்புச் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் என்னிடம் வேலை பழகியவள். இப்போது புதிதாக வரும் தாதிமாருக்குப் பயிற்சி கொடுப்பது அவள்தான்.

"மிஸ், அந்த வாளிக் கதைய ஒருக்கா எழுதித் தாங்க. நான் சொன்னா புள்ளைகள் சிரிக்கிறாங்க. நீங்க எழுதினா நம்புவாங்க."

"எனக்கு எங்க எழுத வரும்?"

"தமிழ்லயே எழுதுங்க மிஸ். நாங்க சிங்களத்துக்கு மாத்தி எல்லாருக்கும் குடுக்கிறோம். சேரும் வாசிக்கணும்னு கேட்டாரு."

சேர் என்றால் எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர். இன்னும் வேலையில் இருக்கிறார். அவர் வாசிப்பார் என்றதும் முடியாது என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் சொல்லவில்லை. இருபது நாட்களாக இந்தக் கதிரையில் உட்கார்ந்து, ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு, கொப்பியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். முப்பத்துச் சொச்சம் வருடம் நின்றே வேலை செய்த முழங்கால்கள் இரண்டும் இப்போது வழக்குப் பேசுகின்றன. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி நடந்துபோய் மருந்து வாங்கி வந்தால் அன்றைய பொழுது அதோடு சரி.

வாளிக் கதை என்று அவர்கள் சொல்வது இதுதான். ஒரு பெண்ணின் முழங்காலில் வைக்க எடுத்து வைத்திருந்த நாண் சத்திரசிகிச்சை நடுவில் காணாமல் போனது. நான் துணிகளை எண்ணிப் பார்த்து அது வாளிக்குள் கிடக்கிறது என்று கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து எங்கள் தியேட்டரில் பச்சைத் துண்டு வழக்கம் வந்தது. கெட்டிக்காரி மிஸ், கதை முடிந்தது. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இது பாதிக் கதை. மீதிப் பாதியை நான் யாருக்கும் சொன்னதில்லை.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா நாவலப்பிட்டி ஸ்டேஷனில் பெட்டி தூக்கியவர். தாதியர் பயிற்சிக்குப் போனபோது எனக்குச் சிங்களம் கடையில் சாமான் கேட்கும் அளவுக்குத்தான் தெரியும். விடுதியில் அழுது அழுதே மீதியைக் கற்றுக்கொண்டேன். மூன்று வருடத்தில் சான்றிதழும் வந்தது, சிங்களமும் வந்தது. சில வருடம் நோயாளர் வாட்டுகளில் இருந்துவிட்டுத் தியேட்டருக்குப் போனேன். பிறகு ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

தியேட்டர் வேலைக்கு மேலே எனக்கு இன்னொரு வேலை இருந்தது. அதற்குப் பதவியும் இல்லை, கடிதமும் இல்லை. எந்த வாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆள் படுத்திருந்தாலும், டொக்டருக்கு அவரிடம் ஏதாவது விளக்க வேண்டியிருந்தால், "தமிழ் மிஸ்ஸக் கூப்பிடுங்க" என்பார்கள். சோற்றுப் பார்சலைப் பாதியில் மூடி வைத்துவிட்டு ஓடுவேன். டொக்டர்மார் ஐந்து நிமிடம் பேசுவதை நான் இரண்டு வரியில் சொல்லி முடிப்பேன். முதலில் நேரம் இல்லாததால் சுருக்கினேன். பிறகு இரக்கத்தால் சுருக்கினேன். ஒருமுறை நாவலப்பிட்டிப் பக்கத்து அம்மா ஒருத்தியிடம், மகனுடைய காலை ஏன் எடுக்கவேண்டி வந்தது என்று டொக்டர் நீளமாகச் சொன்னார். முதல் நாளே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்பதும் அதில் இருந்தது. அந்த ஒரு வரியை நான் விட்டுவிட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அன்றைக்கு நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது என் கையில் இருக்கிறது என்ற எண்ணம் அன்றுதான் எனக்குள் ஊன்றிவிட்டது.

இனி சேரைப் பற்றி. சத்தம் போடத் தெரியாத மனிதர். சத்தம் போடுகிற டொக்டர்மாரோடு வேலை செய்வது சுலபம், அவர்கள் கத்தி முடித்ததும் நமக்கும் மனசு லேசாகிவிடும். இவர் கோபம் வந்தால் இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து மடித்துக்கொண்டு சும்மா நிற்பார். நாம் வியர்ப்போம். ஒவ்வொரு நோயாளியின் பெயரையும் தொடங்கும் முன் மூன்று முறை சொல்லிப் பார்ப்பார். தோட்டத்துப் பெயர்கள் அவர் வாயில் படாத பாடு படும். ஆனாலும் விடமாட்டார்.

முழங்கால் சில்லு விலகிப் போகிறவர்களுக்கு அவர் செய்யும் சத்திரசிகிச்சை ஒன்று உண்டு. சில்லு வெளிப்பக்கம் சரியாமல் உள்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய நாடா அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது ஒருமுறை கிழிந்தால் பிறகு இறக்கத்தில் கால் வைக்கும்போதெல்லாம் சில்லு சரியும், ஆள் விழும். கிழிந்ததைத் தைத்துப் பயனில்லை, புதிதாக ஒன்று கட்ட வேண்டும். அதற்கான சாமானும் அதே காலில்தான் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் இரண்டு விரல் அகலம் வெட்டி, தொடையின் பின்பக்கத் தசை ஒன்றின் நாணை உருவி எடுப்பார்கள். மருத்துவத்தில் அது தசைநாண், நம் ஆட்கள் நரம்பு என்பார்கள். உருவி எடுத்ததில் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, இரண்டு நுனியையும் தடித்த நூலால் தைத்து, ஈரமாக வைத்திருக்க வேண்டும். காய்ந்தால் கெட்டுவிடும். பிறகு சில்லின் ஓரத்தில் இரண்டு சிறு துளை, தொடையெலும்பின் உள்பக்கத்தில் ஒரு துளை. அந்தத் தொடையெலும்புத் துளைக்காக சேர் எக்ஸ்ரேயை மூன்று நான்கு தடவை பார்ப்பார். கொஞ்சம் தள்ளிப் போனாலும் கால் மடங்காது.

கடைசியில் முழங்காலைக் கொஞ்சம் மடித்து வைத்துக்கொண்டு நாணை இழுத்துக் கட்டும்போது, விரலால் சில்லைத் தள்ளிப் பார்ப்பார். கொஞ்சம் அசைய வேண்டும். "இறுக்கிக் கட்டுவது யாருக்கும் முடியும்" என்பார். "இது சில்லை இழுத்துப் பிடிக்கிற கயிறு இல்லை. அது ஓடப் பார்க்கும்போது மட்டும் தடுக்கிற கயிறு." ஒவ்வொரு முறையும் இதைச் சொல்வார். நாங்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது மாதிரித் தலையாட்டுவோம்.

அந்தப் பெண்ணைக் கௌசல்யா என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் அதுவல்ல. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம், வயது இருபத்திரண்டு. கொழுந்துப் பையோடு மலை இறங்கும்போது சில்லு சரிந்து மூன்று முறை விழுந்திருந்தாள். மூன்றாவது முறை தண்ணீர்க் கானுக்குள் விழுந்து நெற்றியிலும் தையல். இனி மலைக்கு அனுப்ப முடியாது என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். மலைக்குப் போகாவிட்டால் அவளுக்கு நாள் சம்பளத்துக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் வீட்டில் உலை கொதிக்காது. அப்பா இல்லை, தம்பி படிக்கிறான். இதையெல்லாம் முதல்நாள் வாட்டில் நான் கேட்டு எழுதினேன். தோட்டத்துப் பெண், தமிழ். அதற்குமேல் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்துதான் இந்தச் சத்திரசிகிச்சை. ஆள் விழித்திருப்பார். நெஞ்சுக்கு மேலே ஒரு திரை, அந்தப் பக்கம் முகம். அவள் கூரை விளக்கைப் பார்த்தபடி கிடந்தாள்.

நாணை உருவி எடுத்தாயிற்று. தைத்து நான்தான் தயார் செய்தேன். அதைப் போட்டு வைக்கும் மூடியுள்ள சின்னக் கிண்ணம் அன்றைக்குக் கிருமி நீக்கி வந்திருக்கவில்லை. இல்லாவிட்டால் என்ன என்று சேலைனில் நனைத்த ஒரு கோஸ் துணியில் சுற்றி, மேசையின் மூலையில் வைத்தேன். "டெண்டன் இங்கே" என்று எங்கள் வழக்கப்படி சத்தமாகச் சொன்னேன். "டெண்டன் அங்கே" என்று சேரும் திருப்பிச் சொன்னார். எல்லாம் முறைப்படிதான். பிறகு துளை போடும் வேலை. இரத்தம் ஒற்றிய கோஸ் துணிகள் மேசையில் குவிந்தன. எனக்குக் குப்பையான மேசை ஆகாது. வலக்கையால் கருவி கொடுத்துக்கொண்டே இடக்கையால் குவியலை வாரி வாளியில் போட்டேன். இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கை அப்படித்தான் வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறது.

சேர் கையை நீட்டினார். "டெண்டன்."

திரும்பினேன். மூலை வெறுமையாக இருந்தது.

அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது? மேசையைத் தேடினேன், துணி மடிப்புகளைத் தேடினேன். கிருமி நீக்கிய உடை போடாமல் சாமான் எடுத்துக் கொடுக்க நின்ற தாதி தரையில் தேடினாள். எல்லோரும் சிங்களத்தில் பேசினார்கள். டெண்டன் காணவில்லை, கீழே விழுந்ததா, யார் எடுத்தது. திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன மிஸ் தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள. ஒரு துணி."

பிறகுதான் கோஸ் துணிகளை எண்ணச் சொன்னேன். மேசையில் இருக்க வேண்டியதில் ஒன்று குறைந்தது. அப்படியென்றால் அது வாளியில்தான். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அடியில் கிடந்த துணியை விரித்தபோது நாண் உள்ளே இருந்தது, என் தையலோடு.

சேர் கையை நெஞ்சோடு மடித்துக்கொண்டு நின்றார். தொடையில் காற்றடித்து இரத்தத்தை நிறுத்தி வைத்திருக்கும் பட்டையை நெடுநேரம் விட்டுவைக்க முடியாது. "எவ்வளவு நேரம் ஆயிற்று?" என்று கேட்டார். ஐம்பத்திரண்டு நிமிடம் என்றார் மயக்க மருந்து டொக்டர். இதையே மருந்தில் கழுவி வைத்தால் என்ன என்று உதவி டொக்டர் மெதுவாகக் கேட்டார்.

"என் மகளுடைய காலில் வைப்பேனா?" என்றார் சேர். "பக்கத்து நாணை எடுப்போம்."

அதே வெட்டைக் கொஞ்சம் நீட்டி, இன்னும் தடித்த நாண் ஒன்றை உருவி எடுத்தார். நான் திரும்பவும் சுரண்டினேன், தைத்தேன். இந்த முறை பச்சைத் துண்டொன்றில் சுற்றி, கிளிப் போட்டு, என் இடக்கையிலேயே பிடித்துக்கொண்டேன். முடிவில் சில்லு எவ்வளவு அசைய வேண்டுமோ அவ்வளவு அசைந்தது. சேர் தையல் போட்டு முடித்தார். கையுறையைக் கழற்றும்போது, "நாளைக்கு நாம் இருவரும் அவளிடம் சொல்வோம்" என்றார். அவ்வளவுதான்.

அந்த மாதம்தான் தியேட்டர் பொறுப்புச் சிஸ்டர் பதவிக்கு என் பெயர் மேலே போயிருந்தது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை.

மறுநாள் வாட்டில் கட்டிலருகே நின்று சேர் சிங்களத்தில் சொன்னார். நிறுத்தி நிறுத்தி, நான் மொழிபெயர்க்க வசதியாக. நேற்று நாங்கள் ஒரு பிழை செய்துவிட்டோம். உங்கள் காலிலிருந்து எடுத்த நாண் பாவித்த துணிகளோடு வாளிக்குள் போய்விட்டது. அதனால் இன்னொன்றை எடுக்கவேண்டி வந்தது. அது பெரிய நாண். காலை மடக்கும் பலம் சில மாதத்துக்குக் குறைவாக இருக்கும். நீங்கள் முறைப்பாடு செய்ய விரும்பினால் செய்யலாம், அதற்கு வழி நாங்களே காட்டுகிறோம். இது என் தியேட்டரில் நடந்தது. "மகே வெரெத்த" என்று முடித்தார். என் பிழை என்று அர்த்தம். என் பெயரை அவர் சொல்லவே இல்லை.

நான் சொன்னது இது:

"சேர் சொல்றாரு, ஒரு நரம்பு பத்தாமப் போச்சாம். அதனால இன்னொண்ணும் எடுத்திருக்கு. கொஞ்ச நாளைக்குக் கால் மடக்கக் கஷ்டமா இருக்கும். பயப்பட வேணாம்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. சேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளங்கியதா என்று அவர் சிங்களத்தில் கேட்டார். தலையை ஆட்டினாள். எனக்குத்தான் ஆட்டுகிறாள் என்று நினைத்தேன்.

"முறைப்பாடு பற்றி என்ன சொல்கிறாள்?" என்று சேர் என்னிடம் கேட்டார்.

"ஒரு குறையும் இல்லையாம், சேர்."

அவர் கட்டில் கம்பியில் கையை வைத்தார். பிறகு, இதைச் சொல்வது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லி, எனக்கு நன்றி சொன்னார். எனக்கு! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் திரும்பிப் போய்ச் சொல்லவும் இல்லை.

இரண்டு மாதத்தில் பதவி வந்தது. பச்சைத் துண்டில் சுற்றிக் கிளிப் போட வேண்டும், நாணைக் கட்டி முடிக்கும்வரை பாவித்த துணி மேசையை விட்டுப் போகக்கூடாது என்று நானே விதி எழுதிச் சுவரில் ஒட்டினேன். எல்லோரும் மெச்சினார்கள்.

கௌசல்யா ஆறாவது வாரம் கிளினிக்குக்கு வந்தாள். மூன்றாம் மாதம் வந்தாள். சில்லு நின்ற இடத்தில் நின்றது, ஆனால் காலை மடக்கிக் குந்தப் பலம் வரவில்லை. தோட்டத்தில் அவளைப் பிள்ளை மடுவத்தில் குழந்தை பார்க்கப் போட்டிருந்தார்கள், அரைப்பேருக்கு, அதாவது பாதிச் சம்பளத்துக்கு. அதைச் சொல்லும்போது அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனி எதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் தியேட்டரிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று படியிறங்குவேன். வரிசை நீளமாக இருக்கும். அல்லது சேர் பக்கத்தில் இருப்பார். அல்லது அவள் பஸ்ஸுக்கு அவசரப்படுவாள் என்று நானே முடிவு செய்துகொள்வேன். ஆறாம் மாதம் மலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். இனி எதற்கு என்று நினைத்தேன். மனசு இருக்கிறதே, அதற்குச் சாக்குத் தேடிக் களைப்பதே இல்லை. எனக்குத்தான் களைத்தது.

ஒரு வருடம் கழித்துக் கடைசியாக வந்தாள். சேர் சில்லைத் தள்ளிப் பார்த்தார். குந்தச் சொன்னார், குந்தி எழுந்தாள். இனி வர வேண்டாம் என்று சொல்லச் சொல்லி என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்கும் முன் அவள் சேரிடம் நேராகப் பேசினாள். தெளிவான சிங்களத்தில்.

"நன்றி சேர். அன்றைக்குக் கட்டிலடிக்கு வந்து பிழை என்று சொன்னீர்களே, அதை மறக்கமாட்டேன்."

சேர் முகம் சிவந்துபோய்ச் சிரித்தார். இவ்வளவு நன்றாகச் சிங்களம் பேசுகிறாளே என்று என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். நான் மாற்றிச் சொன்னதை அவள் காட்டிக் கொடுக்கவில்லை.

அவளுக்குப் பின்னாலேயே வெளியே வந்தேன். கிளினிக்கிலிருந்து தெருவுக்கு நீளமான படிக்கட்டு. அவள் கம்பியைத் தொடாமல் இறங்கினாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினேன். அவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவா வாங்க மிஸ்."

"ஒனக்குச் சிங்களம் தெரியுமா?"

"கட்டுகஸ்தோட்டையில ஒரு வீட்டுல ரெண்டு வருசம் புள்ள பாத்தேன் மிஸ்."

"ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலயே."

படியிலேயே நின்றுவிட்டேன். தியேட்டரில் ஒரு துணி தேடுகிறோம் என்று நான் சொன்னபோதே இவளுக்குத் தெரியும். வாட்டில் நான் வாய் திறக்கும் முன்பே தெரியும்.

"முறைப்பாடு செஞ்சிருக்கலாமே" என்றேன்.

"அவருதான் சொல்லிட்டாரே மிஸ். அதுக்கப்புறம் என்னத்த முறைப்பாடு? நீங்களும் சொல்லுவீங்கன்னுதான் ஒவ்வொரு வாட்டியும் பாத்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னாள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். அவள் கையைப் பிடித்திருக்கலாம். "பஸ் போயிரும், போ புள்ள" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். கடைசி ஐந்தாறு படிகளை ஓட்டமாகவே கடந்தாள். அந்தக் காலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், அது உண்மை. வெட்கத்தில் செத்தேன், அதுவும் உண்மை.

அதற்குப் பிறகும் நான்கு வருடம் வேலை செய்தேன். பச்சைத் துண்டைப் பற்றி யாராவது மெச்சும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வரும். இப்போது வாட்டுகளில் மொழிபெயர்க்கத் தனியாக ஆள் போட்டிருக்கிறார்கள் என்று பஸ்லியா சொன்னாள். நல்லது. அந்தப் பிள்ளை முதலில் நோயாளியிடம், உங்களுக்கு என்னென்ன பாஷை தெரியும் என்று கேட்கட்டும்.

பஸ்லியா, நீ கேட்ட கதை இவ்வளவுதான். நாணை வாளியில் போட்டது என் கை. சேர் சொன்ன பிழையை அவளுக்குச் சொல்லாமல் விட்டது என் வாய். இதைச் சிங்களத்துக்கு மாற்றப் போகிறவர் யார் என்று எனக்குத் தெரியாது. என்மேல் இரக்கப்பட்டு அவர் எதையும் சுருக்க வேண்டாம். சேர் முழுதாக வாசிக்கட்டும்.